கம்பெனி நம்மை விசாரிக்கிறது, நாம் கம்பெனியை விசாரித்தோமா?

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்குப் போன மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு தம்பி வந்தான். பி.காம். முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இடையில் தென்னை நார் மில்லில் லோடு ஏற்றினான், கொஞ்ச நாள் மேலூரில் ஒரு துணிக்கடையில் நின்றான். அன்றைக்கு அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அக்கா, திங்கக்கிழமை வேலைக்குச் சேர்றேன். மதுரையில சேல்ஸ் கம்பெனி. டை கட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. எனக்கு முடிச்சுப் போடத் தெரியல, சொல்லித் தர்றீங்களா?"

எங்களில் யாருக்கும் டை கட்டத் தெரியாது. யூடியூபைப் பார்த்து ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான், என்ன கம்பெனி என்று பேச்சுவாக்கில் கேட்டோம். "பேரு மெசேஜ்ல இருக்குக்கா" என்று போனை எடுத்துக் காட்டினான். மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ், சம்பளம் 18,000 முதல் 35,000 வரை, முன் அனுபவம் தேவையில்லை, 30 இடங்கள் மட்டுமே, பயிற்சிக் கட்டணம் 3,500 ரூபாய், அசல் சான்றிதழ்களோடு வரவும்.

அந்த 3,500 ரூபாயை அவன் அம்மா மகளிர் குழுவில் கேட்டு வைத்திருந்தார்.

டையை அப்படியே போட்டுவிட்டு ஒரு தாளை எடுத்தோம். கம்பெனிக்கு இவனைப் பற்றி என்னென்ன தெரியும் என்று ஒரு பக்கம் எழுதினோம். அப்பா பெயர், அப்பா தொழில், சொந்த வீடா வாடகை வீடா, வீட்டில் சம்பாதிப்பவர்கள் எத்தனை பேர், ஆதார், பான், வங்கிக் கணக்கு, தெரிந்தவர்கள் இரண்டு பேரின் போன் நம்பர். சாதிச் சான்றிதழ் நகலும் கேட்டிருக்கிறார்கள். இட ஒதுக்கீடே இல்லாத தனியார் விற்பனைக் கம்பெனிக்கு அது எதற்கு? மறுபக்கம், இவனுக்குக் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதினோம். ஒரு போன் நம்பர். அதில் பேசுகிற ஒரு 'மேடம்'. அவ்வளவுதான்.

அந்தத் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

வேலைக்குச் சேரும் முன் கம்பெனியைப் பற்றி விசாரி என்று கல்லூரி பிளேஸ்மென்ட் வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் விசாரிப்பதற்கு யாரிடம் போவது என்பது எல்லோருக்கும் பொதுவானது இல்லை. நிலமும் கடையும் உள்ள வீட்டுப் பையனுக்கு ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால், சாப்பாட்டு நேரத்துக்குள் அதன் ஜாதகம் வீட்டுக்கு வந்துவிடும். சித்தப்பா வங்கியில் இருப்பார், மாமா ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பார், அத்தை மகன் அதே கம்பெனியின் திருச்சிக் கிளையில் இருப்பான். "அங்க போகாதடா, மூணு மாசமா சம்பளம் போடல" என்று ஒரே போனில் முடிந்துவிடும். இந்தத் தகவலும் ஒரு பரம்பரைச் சொத்துதான். பத்திரப் பதிவு இல்லாமல் கைமாறுகிற சொத்து. நமது முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நிலம் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரிகிறது. இது வரவில்லை என்பது பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மோசடி நடத்துகிறவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிகிறது.

கம்பெனிகளோ நம்மை விசாரிப்பதில் குறை வைப்பதில்லை. 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செய்தித்தாள்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றுபோல, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் சாத்தியம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இஸ்லாமியப் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பக்கம் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். சாதி பார்ப்பதே இல்லை, திறமைதான் என்று சொன்ன அதே மேலாளர்கள், 'குடும்பப் பின்னணி' முக்கியம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் பயோடேட்டாவில் முகவரி என்று ஓர் இடம் இருக்கிறதே. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஏன் அறிவிக்க வேண்டி வந்தது என்று யோசித்தால் போதும்.

ஆக, விசாரணை ஏற்கெனவே நடக்கிறது, ஒரு பக்கமாக. மறுபக்கத்தை நாம் தொடங்குவது நன்றிகெட்டதனமோ திமிரோ இல்லை.

அந்த ராத்திரி என்ன செய்தோம் என்று சொல்கிறோம். எல்லாமே கையில் உள்ள போனில், காசு செலவில்லாமல்.

மெசேஜில் கம்பெனியின் பெயருக்குப் பின்னால் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்தது. அப்படிப் போட்டால் அது மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவில் இருந்தாக வேண்டும். அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் அடிப்படை விவரங்களை யாரும் பார்க்கலாம். எந்தத் தேதியில் தொடங்கியது, பதிவு முகவரி எது, இயக்குநர்கள் யார், இப்போது உயிரோடு இருக்கிறதா அல்லது பதிவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்பதெல்லாம் வரும். இவர்கள் பெயரில் எதுவும் வரவில்லை. தனிநபர் நிறுவனமாகவோ பங்குதாரர் நிறுவனமாகவோ இருந்தால் அங்கே வராது, அது தப்பும் இல்லை. மேலூரில் நேர்மையாக நடக்கிற எத்தனையோ கடைகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் 'பிரைவேட் லிமிடெட்' என்று எழுதிவிட்டுப் பதிவில் இல்லாமல் இருப்பது பொய்.

அடுத்தது ஜி.எஸ்.டி. நம்பர். பில்லிலும் ரசீதிலும் அது இருக்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டால் யார் பெயரில் உள்ளது, நடப்பில் உள்ளதா ரத்தானதா என்று காட்டும். தம்பி அந்த மேடத்திடம் வாட்ஸ்அப்பில் நம்பரைக் கேட்டான். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று பதில் வந்தது.

மூன்றாவதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது, பலருக்குத் தெரியாததும் அதுதான். வருங்கால வைப்பு நிதி அமைப்பின், அதாவது பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். பதிவு இருந்தால், எந்த மாதத்துக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு பணம் கட்டியிருக்கிறார்கள் என்ற விவரம் வரும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம் பி.எஃப். சட்டத்துக்குள் வந்துவிடும். "எங்களிடம் 400 ஊழியர்கள்" என்று சொல்லும் கம்பெனி 11 பேருக்குப் பணம் கட்டியிருந்தால் மீதிப் பேர் யார்? மாதாமாதம் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், ஆட்கள் சேர்ந்ததும் ஓடுகிறார்கள் என்று பொருள். பணம் கட்டும் தேதி தள்ளிக்கொண்டே போனால் சம்பளமும் தள்ளும். எந்த விளம்பரத்திலும் வராத உண்மை அந்த ஒரு பக்கத்தில் கிடக்கிறது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அதையும் கேட்க வேண்டும். பைக்கில் சுற்றுகிற வேலையில் கை கால் முறிந்தால் அதுதான் ஆஸ்பத்திரி.

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது, அதற்கு இணையம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் இறங்கி நேரில் போனோம். மாடியில் ஓர் அறை, பூட்டியிருந்தது. கீழே டீக்கடை. டீக்கடைக்காரர் எந்த இணையதளத்தையும் விட நன்றாகச் சொன்னார். "இது மூணாவது போர்டு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பேர் மாத்துறாங்க. பசங்க திங்கக்கிழமை திங்கக்கிழமை டையோட வருவாங்க, அடுத்த மாசம் வேற பசங்க வருவாங்க. கடன் வச்சிட்டுப் போனவன்தான் நெறைய."

பதிவு இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆருத்ரா கோல்டு டிரேடிங் முறையாகப் பதிவான பிரைவேட் லிமிடெட் கம்பெனிதான். மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு நம் மதுரையிலேயே நியோமேக்ஸ் மீது வழக்கு வந்தது. பணம் போட்டவர்கள் இன்னும் நீதிமன்றத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலைகிறார்கள். இந்த வழக்குகளில் முதலீட்டாளர்களின் கண்ணீரைத்தான் செய்திகள் காட்டின. அந்தப் பணத்தை வீடு வீடாகப் போய் வாங்கிய முகவர்கள் என்று ஒரு கூட்டம் நடுவில் உண்டு. அவர்களில் பலர் 'மார்க்கெட்டிங் வேலை' என்று நம்பிப் போனவர்கள். முதல் கையெழுத்தைச் சொந்த அக்காவிடம் வாங்கியவர்கள். கம்பெனி பூட்டியதும் ஊர் வந்து நின்றது முதலாளி வீட்டு வாசலில் இல்லை, இவர்கள் வீட்டு வாசலில். முகவர்களையும் காவல்துறை தேடிப் பிடித்தது.

விற்பனை வேலையில் நமது பிள்ளைகள் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எழுத்தர் வேலையில் ஏமாந்தால் நம் சம்பளம் போகும். விற்பனை வேலையில் ஏமாந்தால் நம் உறவு போகும். "முதல் வாரம் உங்களுக்குத் தெரிந்த 20 பேர் பட்டியல் கொடுங்கள்" என்று ஒரு கம்பெனி கேட்டால், அது வேலைக்கு ஆள் எடுக்கவில்லை, காலனிக்குள் நுழைய வாசல் தேடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நம் பெண்களின் சுய உதவிக் குழு, பெரியப்பா வீட்டுச் சேமிப்பு, ஆடு விற்ற காசு. வெளியாள் கேட்டால் ஒரு ரூபாய் வராது. "நம்ம பையன் கம்பெனியில இருக்கான்" என்றால் வந்துவிடும். நமக்கு இருக்கிற ஒரே மூலதனம் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கை. அதைத்தான் அவர்கள் 18,000 ரூபாய்க்கு விலை பேசுகிறார்கள், அந்த 18,000மும் பெரும்பாலும் வருவதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. சங்கிலித் தொடர் பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, சேருவதற்கு நுழைவுக் கட்டணமோ புதுப்பிப்புக் கட்டணமோ கேட்கக் கூடாது, விற்பனை மாதிரிப் பொருள்களைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லக் கூடாது, ஆள் சேர்த்துவிட்டதற்காக மட்டும் பணம் தரவும் கூடாது. ஆகவே "ஐடி போட 5,000, கிட் வாங்க 8,000, ரெண்டு பேரச் சேத்துவிட்டா காசு திரும்பிடும்" என்று எவர் சொன்னாலும் அந்த இடத்தில் எழுந்து வந்துவிடலாம். வேலை கொடுக்கிறவர் நமக்குப் பணம் தருவார், நம்மிடம் வாங்க மாட்டார். இதை நம் பாட்டிமார் எந்த விதியும் படிக்காமல் சொல்வார்கள்.

இந்த இடத்தில் கடல் தாண்டியும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 24 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று விளம்பரம் செய்து, படித்த இளைஞர்களை அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய் அடைத்து வைத்து, இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள் என்பதுதான் அந்த எச்சரிக்கை. அந்த அக்டோபர் தொடக்கத்தில் மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். அதோடு நிற்கவில்லை. 2025 மார்ச்சில் இரண்டு நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்துவர வேண்டியிருந்தது. விளம்பரத்தில் உள்ள சொற்களைப் பாருங்கள். 'சேல்ஸ்', 'மார்க்கெட்டிங்', 'எக்ஸிகியூட்டிவ்'. நம் தம்பிக்கு வந்த மெசேஜிலும் இவைதான். வெளிநாடு என்றால் முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற முகவர்கூட வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது மோசடிக் கம்பெனிகளைப் பற்றி. இனிச் சொல்லப்போவது நல்ல கம்பெனிகளைப் பற்றி. எங்கள் பார்வையில் இதுதான் முக்கியம், ஏனென்றால் இதை எந்தப் பிளேஸ்மென்ட் வகுப்பும் சொல்லித் தராது.

அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை கொடுத்தவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. அவரைக் கொலம்பியாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்த மன்னர். ஆனால் பரோடாவில் அவருக்குத் தங்க இடம் இல்லை. பெயரை மாற்றிச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்றார்கள். பம்பாய் திரும்பிப் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை நன்றாக இருந்தது. சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். முதலாளி நல்லவரா என்பதோடு நமது விசாரணை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எந்த ஊரில் வேலை, எந்தத் தெருவில் வேலை, எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதும் விசாரணைக்குள் வர வேண்டும்.

நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து ஒரு மேலாளர் மேலூர், கொட்டாம்பட்டி, கருங்காலக்குடி, நத்தம் என்று 'பீட்' பிரிக்கிறார். அவர் வரைபடத்தில் சாலைகள் இருக்கும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஓடுகிற கோடு இருக்காது. பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்த குற்றத்துக்காக மேலவளவு முருகேசனும் உடன் இருந்தவர்களும், மொத்தம் ஆறு பேர், 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டது இதே மேலூர் வட்டாரத்தில்தான். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கப் போகும் நம் பையனிடம் முதல் கேள்வி விலை என்ன என்பது இல்லை. "தம்பி எந்த ஊரு?" ஊர் பெயரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" அடுத்த நிமிடம் திண்ணையிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து தெருவுக்கும் தள்ளப்படுவான். மாத இறுதியில் டார்கெட் முடிக்கவில்லை என்று மேலாளர் திட்டுவார். காரணத்தை அவன் சொல்ல மாட்டான். வேறு சாதிப் பையனுக்கு அதே பீட்டில் விற்பனை நடக்கும். கம்பெனிக் கணக்கில் அது 'திறமை' என்று பதிவாகும்.

ஆகவே நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. எந்தப் பகுதி எனக்கு? மாற்றிக் கேட்டால் தருவீர்களா? வாடிக்கையாளர் அவமானப்படுத்தினால் யாரிடம் சொல்வது? இந்த ஒரு கேள்வியைக் கேட்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தால் போதும், கம்பெனி எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும். ஒரு தலித் வேலை செய்வதையோ வியாபாரம் செய்வதையோ சாதியின் பெயரால் தடுப்பதே குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்கப் போகும்போது கம்பெனி பின்னால் நிற்குமா, அல்லது "கஸ்டமரோடு சண்டை போட்டான்" என்று அனுப்பிவிடுமா என்பது சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பெண்கள் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். இரவு எத்தனை மணி வரை, எந்த வீட்டுக்கும் தனியாகவா. பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடலாம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அது கட்டாயம்.

சம்பளக் கணக்கையும் அங்கேயே போட வேண்டும். அன்று ராத்திரி தம்பியை உட்கார வைத்துப் போட்டோம். சொன்ன 18,000 முழுவதும் நிலையான சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம். நேர்மையாகப் பிடித்தால் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 135. ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் சுற்றினால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று, பெட்ரோலுக்கு 160 ரூபாய். 26 நாளைக்கு 4,160. வேலைக்காகவே தவணையில் வாங்கப்போகும் பைக்குக்கு மாதம் 3,000 போல ஆகும். கையில் நிற்பது 8,905 ரூபாய். இதில் மதிய சாப்பாடு இல்லை, போன் ரீசார்ஜ் இல்லை, பஞ்சர் ஒட்டிய காசு இல்லை. நார் மில்லில் இதைவிட அதிகம் நின்றது என்றான் தம்பி. நிலையான சம்பளமே 9,000தான், மீதி இன்சென்டிவ் என்றால் வேலைக்குப் போய்த்தான் கடன்காரன் ஆக வேண்டும். பெட்ரோல் படி உண்டா, எந்த இலக்குக்கு எவ்வளவு இன்சென்டிவ், இலக்கை எட்டாவிட்டால் அடிப்படைச் சம்பளத்தில் கை வைப்பீர்களா, இதையெல்லாம் நியமனக் கடிதத்தில் எழுதிக் கேட்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மீது நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதை அவையே கட்டாயமாக்குகின்றன. அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. மதுரையில் ஒரு கம்பெனியிடமிருந்து எங்கள் படிப்பகத்துப் பெண் ஒருவரின் பட்டச் சான்றிதழைத் திரும்ப வாங்க ஏழு மாதம் நடந்திருக்கிறோம். அதற்குள் ஒரு வங்கித் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்பு அவருக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசியபோது ஒரு பெரியவர் எழுந்தார். "சோத்துக்கு வழியில்லாதவன் ஆராய்ச்சி பண்ணிட்டு இருப்பானா? நீங்க சொல்றபடி பாத்தா எங்க பிள்ளைக எந்த வேலைக்கும் போக முடியாது" என்றார். அவர் கேட்டது நியாயம். 2012இல் முறைகேடுகள் வெளிவந்து கிரானைட் குவாரிகள் மூடப்பட்ட பிறகு இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கூலிக்குப் பட்ட பாடு அவருக்குத் தெரியும். குவாரி முதலாளிகள் அடித்தது கொள்ளை என்பது உண்மை. அந்தக் கொள்ளையிலும் நமக்கு விழுந்தது தினக்கூலி மட்டும்தான், அது நின்றபோது நம் அடுப்புதான் முதலில் அணைந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் வேறு வழியில்லாமல் ஒரு சுமாரான கம்பெனியில் ஒருவர் சேரலாம். நாங்கள் அதைக் குறை சொல்ல மாட்டோம். எல்லாம் தெரிந்து சேருகிறவர் எப்போது வெளியேறுவது என்றும் தெரிந்து சேருவார், அக்காவின் நகையை அடகு வைத்துச் சேர மாட்டார். ஏமாந்த பிள்ளையைப் "படிச்சவனுக்கு இதுகூடத் தெரியல" என்று காலனியே பேசுகிறதே, அதை முதலில் நிறுத்த வேண்டும். வெட்கத்தால் வாயை மூடிக்கொள்கிறான். அவன் வாயை மூடியதால் அடுத்தவன் போய் விழுகிறான்.

எல்லாச் சுமையையும் ஒரு 22 வயதுப் பையனின் தலையில் ஏற்றுவதிலும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அரசு மாவட்டந்தோறும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறது. கல்லூரி மைதானத்தில் பந்தல், வரிசையாக மேசைகள், அமைச்சர் கையால் பணி ஆணை. எத்தனை பேருக்கு ஆணை கொடுத்தார்கள் என்று மறுநாள் செய்தி வரும். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்று செய்தி வருவதில்லை. மேசை போடும் ஒவ்வொரு நிறுவனத்தின் பி.எஃப். பதிவு எண்ணையும், நிலையான சம்பளம் எவ்வளவு இன்சென்டிவ் எவ்வளவு என்பதையும் அந்த மேசையிலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று மதுரை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் ஏன் நிபந்தனை போடக் கூடாது? ஒரு சார்ட் பேப்பர் செலவுதான். 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலம் பேசவும் நேர்காணலில் பதில் சொல்லவும் கற்றுத் தருகிறார்கள், நல்லது. நேர்காணலில் கேள்வி கேட்கவும் ஒரு வகுப்பு வைக்கலாம்.

அரசு செய்யும் வரை காத்திருக்க முடியாது என்பதால் படிப்பகத்தில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். நம் பிள்ளைகள் யாருக்கு எந்தக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தாலும் ஒரு பக்கம். பதிவு, பி.எஃப்., நேரில் பார்த்தது, டீக்கடைக்காரர் சொன்னது, அங்கே வேலை செய்தவர் சொன்னது, எந்த பீட், சம்பளம் எந்தத் தேதியில் விழுந்தது. சித்தப்பாவும் ஆடிட்டர் மாமாவும் இல்லாத வீடுகளுக்கு இந்த நோட்டுதான் சித்தப்பா. இதுவரை 14 கம்பெனிகள் ஏறியிருக்கின்றன. அதில் ஐந்து நல்ல பெயர் வாங்கியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றில் நம் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருத்தி டீம் லீடர்.

தம்பி அந்தத் திங்கட்கிழமை மதுரைக்குப் போகவில்லை. அவன் அம்மா 3,500 ரூபாயைக் குழுவில் திருப்பிக் கட்டினார், வட்டி 35 ரூபாய். அந்த மேடம் இரண்டு நாள் போன் செய்தார், பிறகு இவன் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். போன வாரம் மதுரையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் நிறுவனத்தில் நேர்காணல். "கடைசி ஒரு வருஷத்துல இந்த வேலையில இருந்து எத்தனை பேர் போயிருக்காங்க சார்?" என்று கேட்டிருக்கிறான். அந்த மேலாளர் கொஞ்ச நேரம் இவனைப் பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்ல தம்பி" என்று சிரித்துவிட்டு, பத்துக்கு நாலு பேர் என்று சொன்னாராம். நோட்டில் பதினான்காவது பக்கத்தில் அதைத் தம்பியே எழுதி வைத்திருக்கிறான். கடிதம் இன்னும் வரவில்லை.